நூலகம் பார்க்கப் போன நாள்

ஓசூரில் எதற்கு வேண்டுமானாலும் சங்கம் உண்டு. ரோஜா பயிரிடுகிறவர்களுக்கு ஒன்று, லேத் பட்டறைக்காரர்களுக்கு ஒன்று, கம்பெனி வேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. சட்ட நூலகர்களுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று நான் சமையலறையில் கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். அடுப்பில் இருந்த ரசம் பொங்கி வழிந்தது. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். நான் நூலகவியல் படித்தவள். தெற்கே தாமிரபரணிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வந்த புதிதில் ஒரு தனியார் பள்ளியில் நூலகராக இருந்தேன். அங்கே புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, பிள்ளைகள் வெளியிலிருந்து அட்டையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். பிறகு அந்த அறையையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு என்னை அனுப்பிவைத்தார்கள். அதற்கப்புறம் போல்ட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். என் மேஜையில் இரண்டு வளையங்கள் இருக்கும். போல்ட் ஒன்றில் நுழைய வேண்டும், இன்னொன்றில் நுழையக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதுதான் வேலை. நுழைகிறதா, நுழையவில்லையா.

நான் பார்த்த நேர்த்தியில் கம்பெனிக்கு என்மேல் ஆசை வந்துவிட்டது. பெர்மனென்ட் ஆக்குகிறோம், ஆனால் சில வருஷம் வேறெங்கும் போக மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அடுத்த மாதம் பாதிக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள். கணவர் மட்டும் சாப்பிடும்போது தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பெர்மனென்ட்டுன்னா நல்லதுதான். ஆனா போல்ட்டைப் பாத்துட்டு வாற அன்னைக்கு நீ வீட்ல வாயே தொறக்க மாட்டேங்கியே. எனக்கு என்னமோ வேற வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

நான் வாய் திறக்காத ஆள் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டால் அவ்வளவுதான், மிச்ச வாழ்க்கை முழுக்க நுழைகிறதா நுழையவில்லையா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சங்கத்தைத் தேடிப் போனேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல்களின் நூலக அறையில் கூடுவார்கள். கோர்ட் நூலகர்கள், சட்டக் கல்லூரி நூலகர்கள், கம்பெனிகளில் சட்டப் பிரிவின் புத்தகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல்லிலிருந்துகூட எல்லை தாண்டி வருவார்கள். எல்லோரையும் சேர்த்தாலும் ஒரு மினி பஸ் நிறையாது. ஆனால் சத்தம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் காணும். ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் வளைந்து, தெலுங்கில் போய் முடியும். நடுவில் சட்டப் பிரிவுகள் ஆங்கிலத்தில் வந்து போகும்.

தலைவர் கிருஷ்ணகிரி வக்கீல்கள் நூலகத்தில் காலமெல்லாம் இருந்துவருபவர். பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு. பெரிய மீசை, சின்னக் குரல். செயலாளர் சட்டக் கல்லூரி நூலகர், நான் அக்கா என்று கூப்பிடுகிற வயது. அவர் வீட்டில் கன்னடம். உயரம் கம்மி, அதிகாரம் ஜாஸ்தி. என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினார். தலைவர்தான் விதியைச் சொன்னார்.

"சட்ட நூலகத்துல வேலை பாக்கறவங்களைத்தான் உறுப்பினரா சேக்க முடியும்மா."

"எனக்கு வேலை இல்லையே சார். சங்கம் வேலை வாங்கித் தரும்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

"வாங்கித் தருவோம். உறுப்பினருங்களுக்கு."

நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். வேலை இருந்தால்தான் சங்கத்தில் சேரலாம், சங்கத்தில் சேர்ந்தால்தான் வேலை கிடைக்கும். இந்த விதியை எழுதியவர் யார் என்று கேட்டேன். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எனக்கு இரண்டும் எப்போதும் ஒரே பஸ்ஸில்தான் வரும்.

"சும்னிரு, சும்னிரு" என்று அக்கா கன்னடத்தில் என்னை அடக்கி, நாற்காலியில் உட்காரவைத்தார். "மொதல்ல தேடல் முடியட்டும்."

தேடல் என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். அந்த மாதம் எந்த வக்கீலாவது அரைகுறையாகக் கேட்ட ஒரு தீர்ப்பை ஒருவர் சொல்வார். மற்றவர்கள் ஓடிப் போய் அலமாரியில் தேட வேண்டும். வக்கீல்கள் தீர்ப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று நினைத்தால் அது தப்பு. "சிவப்பு அட்டை, வலது பக்கம், கீழே, ஒரு கிழவி வருவா" என்றுதான் கேட்பார்கள். அன்றைக்கு ஆனேக்கல்காரர் சொன்னது இது: ஒருவன் நிலத்தில் புளியமரம், அதன் கிளை பக்கத்து நிலத்துக்கு மேலே, உதிர்கிற புளி யாருக்கு?

சொல்லி முடிக்கவில்லை, மொத்தச் சங்கமும் எழுந்து ஓடியது. நரைத்த தலைகள், கண்ணாடிகள், ஒரு முழங்கால் வலி, எல்லாம் அலமாரிக்கு அலமாரி முட்டிக்கொண்டன. சிலர் 'மரம்' என்று பொருளடக்கத்தில் பார்த்தார்கள், சிலர் 'நிலம்' என்று. உட்கார்ந்திருந்த நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மரத்துக்காக யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் கொடுக்கிற தொல்லைக்காகத்தான் வருவார்கள் என்று தோன்றியது. 'தொல்லை' என்ற தலைப்பில் போய்ப் பார்த்தேன். அங்கே, ஒரு வாய்க்கால் தகராறுக்கும் ஒரு நாய்த் தகராறுக்கும் நடுவில், புளியமரம் சௌக்கியமாக நின்றுகொண்டிருந்தது.

"கிடைச்சிட்டு!" என்று கத்தினேன். வெளியே நின்ற காவலர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு என்னை வெளியே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. விதியை மாற்றவும் மனசு வரவில்லை. சட்டப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு, விதியை மீறச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். அக்காதான் அறையின் மூலையில் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். அது சங்கத்துக்குச் சொந்தமானது. உள்ளே எப்போதோ ரத்தான சட்டங்களின் பழைய பதிப்புகள் இருந்தன.

"தலைவரே, இது நூலகமா இல்லியா?"

"பீரோம்மா அது."

"உள்ள புஸ்தகம் இருக்குதா?"

"இருக்குது."

"என்ன புஸ்தகம்?"

"சட்டம்தான். எல்லாம் செத்துப்போன சட்டம்."

"செத்தாலும் சட்டம்தானே? அதுக்கு ஒரு நூலகர் வேணுமா வேணாமா?"

தலைவரின் மீசை ஒரு பக்கமாக ஏறியது. அந்த நிமிஷமே நான் சங்கத்தின் பீரோவுக்கு நூலகராக நியமிக்கப்பட்டேன், சம்பளமில்லாமல். வேலை கிடைத்துவிட்டதால் உறுப்பினராகவும் சேர்க்கப்பட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கொடுத்த டீயை நான் பீரோவின் மேல் வைத்தபோது, "நூலகத்துல டீ வைக்கக் கூடாது" என்று ஆனேக்கல்காரர் கண்டித்தார். அன்று வீட்டுக்கு ஸ்கூட்டியில் போகும்போது ரிங் ரோட்டில் ஒரு லாரியை முந்திக்கொண்டு பாட்டுப் பாடினேன்.

உறுப்பினர் ஆன பிறகு வேலைக்காகக் காத்திருந்தேன். தொழிற்சாலை சொன்ன நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வியாழக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிலையில், திங்கட்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. ஓசூரில் ஒரு மூத்த வக்கீல். வீட்டு மாடியிலேயே பெரிய நூலகம் வைத்திருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்தக் காலத்தில் எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே என்று யாரோ அவரிடம் சொன்னார்களாம். "சோறும்தான் செல்போன்ல தெரியுது, சாப்பிட முடியுமா?" என்று கேட்டாராம். அவரைப் பார்க்காமலே எனக்குப் பிடித்துவிட்டது.

"புதன்கிழமை நூலகம் பாக்கப் போறோம்" என்றார் அக்கா.

நூலகம் பார்க்கப் போவது என்றால் என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். இந்தச் சங்கம் தன் உறுப்பினரைத் தனியாக வேலைக்கு அனுப்பாது. முன்பு ஒருவரை அப்படி அனுப்பி, அங்கே கூரை ஒழுகி, அவர் மழைக்காலம் முழுக்கப் புத்தகங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். அதிலிருந்து, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிற மாதிரி, தலைவரும் செயலாளரும் கூடவே வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தோட்டத்திலிருந்து அன்றைக்குப் பறித்த ரோஜா. நான் பட்டுப் புடவை கட்ட வேண்டுமா என்று அக்காவிடம் விளையாட்டாகக் கேட்டேன். "கட்டினா தப்பில்ல" என்றார். கட்டிக்கொண்டேன்.

வக்கீல் தடித்த கண்ணாடி போட்ட, பரபரப்பான மனிதர். தட்டைப் பார்த்துத் திகைத்தார். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து வாழ்த்துச் சொல்லிவிட்டார். எங்களை மாடிக்கு அழைத்துப் போனார். படி ஏறும்போதே அக்கா சுவரில் கையை வைத்து ஈரம் பார்த்தார். தலைவர் அலமாரியின் பின்பக்கம் குனிந்து கரையான் தேடினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. பக்கத்தை மடிக்கிற பழக்கம் உண்டுங்களா?"

"சேச்சே!" என்றார் வக்கீல்.

தலைவரும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள். அந்த நேரம் கீழே கட்சிக்காரர் யாரோ வந்திருப்பதாகக் குரல் வந்தது. "பாத்துக்கிட்டு இருங்க, வந்துடறேன்" என்று வக்கீல் இறங்கிப் போனார்.

நாங்கள் மூன்று பேரும் அறைக்குள் நுழைந்தோம். நுழைந்ததும் அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

அலமாரிகளில் பாதி காலி. புத்தகங்கள் மேஜை மேல், நாற்காலி மேல், ஜன்னல் திட்டில், தரையில், மின்விசிறியின் ரெகுலேட்டர் பெட்டி மேல்கூடக் கிடந்தன. முகம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன. தைத்த முதுகுகள் பிளந்து நூல் தெரிந்தது. பக்கங்களுக்கு நடுவில் பஸ் டிக்கெட், தீக்குச்சி, கல்யாணப் பத்திரிகையின் கிழிசல் எல்லாம் செருகியிருந்தது.

"அய்யோ பாவம்" என்றார் அக்கா.

நான் ஒன்றை எடுத்து நிமிர்த்தினேன். சத்தியமாக ஒன்றைத்தான். அதை அலமாரியில் வைத்தபோது அதன் பக்கத்து எண் கொண்ட புத்தகம் நாற்காலியில் கிடப்பது கண்ணில் பட்டது. அண்ணனை வைத்துவிட்டுத் தம்பியைத் தரையில் விட முடியுமா? அதையும் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகியாயிற்று.

அந்த அறையில் அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது, ஆனந்தமாகவும் இருக்கிறது. ஒருவர் எண்ணைச் சொல்ல, ஒருவர் எறியாத குறையாகக் கொடுக்க, ஒருவர் செருக, புத்தகங்கள் வரிசையில் போய் டக் டக் என்று நின்றன. பட்டுப் புடவையில் தூசி. தலைவர் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். போல்ட் பார்த்த கைகளுக்கு அட்டையின் சொரசொரப்பு என்ன சுகமாக இருந்தது! அழுகை வந்துவிடும் போல இருந்தது எனக்கு. செருகியிருந்த துண்டுகளையெல்லாம் உருவி, அடுக்கி, ஒரு கிண்ணத்தில் பெருமையாக வைத்தோம். மேஜையைத் துடைத்து, நடுவில் எங்கள் ரோஜாத் தட்டை வைத்தோம். மூன்று பேரும் ஓரமாக நின்று பார்த்தோம். எவ்வளவு அழகு!

வக்கீல் வந்தார். வாசலிலேயே நின்றார். மேஜையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ரோஜாவைப் பார்த்தார்.

"என் கேஸ் எங்க?" என்றார்.

"கேஸுங்களா?" என்றார் தலைவர்.

"நாளைக்கு ஆர்க்யுமென்ட் எனக்கு. இந்த நாற்காலிதான் என்னோட மொதல் பாயிண்ட். அந்த ஜன்னல் எதிர்க்கட்சி சொல்லப்போறது. தரையில கெடந்தது பூரா அதுக்கு என்னோட பதில். வாரம் பூரா உக்காந்து வெச்சேன். எங்க எல்லாம்?"

"அடுக்கிட்டோமுங்க" என்றார் தலைவர், இருந்த சின்னக் குரலும் இன்னும் சின்னதாகி.

உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். திருடன்கூட அந்த அறையை அப்படியே விட்டிருப்பான். ஒரு மனுஷனின் வழக்கு மொத்தத்தையும் நாங்கள் எண் வரிசைப்படி அழித்திருந்தோம். வியாழக்கிழமை மதியம், கையெழுத்து, இரண்டு வளையங்கள், எல்லாம் கண் முன்னால் வந்தன. அப்போது போய் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் மூக்கு வழியாக வந்தது.

"சிரிக்கறீங்களா?" என்றார் வக்கீல். "கெளம்புங்க. எல்லாரும் கெளம்புங்க."

தலைவர் தட்டை எடுக்கக் குனிந்தார். எனக்கு என்ன ஆயிற்றோ, சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"போமாட்டோம் சார். கலைச்சது நாங்கதான். திரும்ப வச்சிட்டுத்தான் போவோம்."

"எப்படிம்மா வெப்ப? எது எங்க இருந்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா? நீங்க இப்பவே வாதாடுங்க. நீங்க கேக்கக் கேக்க நான் எடுத்துத் தாரேன்."

அவர் என்னை முறைத்தார். வேறு வழி இருந்தால் அவர் சம்மதித்திருக்க மாட்டார். வழி இல்லை.

அக்கா நீதிபதி ஆனார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தலைவர் எதிர்க்கட்சி வக்கீல். வழக்கு என்ன என்று கேட்டுக்கொண்டோம். தலைவருடைய ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி, தக்காளியும் ராகியும் போடுகிறவர். அவர் நிலத்துக்குப் போகிற வண்டிப் பாதையை, பக்கத்து நிலத்தை வாங்கி பிளாட் போட்டவர் வேலி வைத்து அடைத்துவிட்டார். விளைந்த தக்காளி வெளியே வர வழியில்லை. அவ்வளவுதான் வழக்கு.

தொடக்கத்தில் வக்கீல் வேண்டாவெறுப்பாகத்தான் பேசினார். எதை எங்கே வைத்திருந்தார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. நான் எடுத்துக் கொடுத்த முதல் புத்தகமே தப்பு. அப்போது தலைவர் மீசையை நீவிக்கொண்டு எழுந்தார். காலமெல்லாம் வக்கீல்களுக்குப் புத்தகம் கொடுத்து, அவர்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் இல்லையா? சின்னக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"கனம் கோர்ட்டார் அவர்களே! அந்தப் பாதையில வண்டியே போனதில்லீங்க! மாடு போச்சு, ஒத்துக்கறேன். மாடு வண்டியாயிடுமா?"

"ஆகாது" என்றார் அக்கா நீதிபதி.

"யோவ்!" என்றார் வக்கீல். அவருக்கு நிஜமாகவே ரத்தம் சூடேறிவிட்டது. "வண்டி போனதில்லையா? அவங்க அப்பன் காலத்துல இருந்து போகுது! நீலப் புத்தகம் எடும்மா, மூணாவது தட்டு, குடுகுடுன்னு போன வண்டிய மறிச்சான்னு ஒரு தீர்ப்பு!"

ஓடினேன். எடுத்தேன். அவர் அதைத் திறந்து நாற்காலியில் கவிழ்த்தார். முதல் பாயிண்ட் திரும்பிவிட்டது! அதற்கப்புறம் நிற்கவில்லை. தலைவர் சீண்டச் சீண்ட, வக்கீல் பாய்ந்து பாய்ந்து பதில் சொன்னார். நான் ஏணியில் ஏறினேன், இறங்கினேன், தரையில் தவழ்ந்தேன். "வேலி, வேலி, வேலியைப் பத்தி, ஒரு விதவை வருவா!" என்பார். 'விதவை' என்று தேடினால் கிடைக்காது, 'தடுப்பு' என்று தேடினால் கிடைக்கும். "இதுதான்!" என்று அவர் பறித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. நடுவில் காபி வந்தது. ஆறிப்போனது. நீதிபதி மட்டும் குடித்தார்.

ஜன்னல் நிறைந்தது, தரை நிறைந்தது, ரெகுலேட்டர் பெட்டிகூட நிறைந்தது. கடைசியாக ஒரே ஒரு புத்தகம் மிச்சம். வழக்கை முடித்து வைக்கிற தீர்ப்பு அதில்தான் இருக்கிறதாம். அலமாரியில் அதன் இடம் காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில் இல்லை, தட்டுக்கு அடியில் இல்லை. வக்கீல் வியர்த்துப்போனார். நான் அறையை இரண்டாம் முறை சல்லடை போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். உயரம் போதவில்லை என்று, உட்காரும்போதே எதையோ கீழே போட்டுக்கொண்டிருக்கிறார். நீதிபதி இவ்வளவு நேரமும் தீர்ப்பின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரித்தது வக்கீல்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் யாராலும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் என் வேலையைப் பற்றி மெல்லக் கேட்டார். வக்கீல் பிடி கொடுக்கவில்லை.

"நாளைக்கு இந்தப் புஸ்தகத்தை எல்லாம் கோர்ட்டுக்குத் தூக்கிட்டு வரட்டும். கேஸ் எப்படிப் போவுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"ஆவட்டும்ங்க. நாங்களும் வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுப் போன் பண்றோம்" என்றார் தலைவர்.

எனக்குப் பகீரென்றது. படி இறங்கியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சார் கலந்து பேசப் போறீங்க?" என்றேன். "வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்லம்மா, ஒடனே சரின்னு சொன்னா நம்மள மதிப்பாங்களா?" என்றார், பட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார். பிறகு, நாளைக்கு வியாழக்கிழமை ஆயிற்றே என்றேன். இந்த வேலை நிச்சயமில்லை, அந்த வேலை நிச்சயம். இதை நம்பி அதை விட்டால் இரண்டும் இல்லாமல் போகலாம். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரமா நிறுத்தாம பேசுத. இன்னும் என்னத்த யோசிக்க? கோர்ட்டுக்குப் போ."

மறுநாள் கட்டைப்பைகளில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். தலைவரும் அக்காவும் என்னைப் போலவே லீவு போட்டுவிட்டு வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கைக் கூப்பிடவே இல்லை. வேறு வேறு வழக்குகள் வந்தன, வாய்தா வாங்கிக்கொண்டு போயின. மதியம் நெருங்கியது. பைக்குள் போன் அதிர்ந்தது. வராண்டாவுக்கு ஓடிப் போய் எடுத்தேன். தொழிற்சாலையின் எச்ஆர்.

"மேடம், கேன்டீன் டைமுக்குள்ள நீங்க வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவோம். வர்றீங்களா?"

அந்த நிமிஷம் உள்ளே டவாலி எங்கள் வழக்கின் பெயரை நீட்டிக் கூப்பிட்டார். பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது?

"இல்லைங்க, நான் வரல. வேற ஆளுக்கே குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து உள்ளே ஓடினேன்.

வக்கீல் எழுந்து நின்றிருந்தார். நான் பைகளோடு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். கறுப்பு கோட்டுகளுக்கு நடுவில் என் பூப்போட்ட புடவை டவாலியின் கண்ணில் பட்டுவிட்டது.

"யாரும்மா நீ? கட்சிக்காரங்க இங்க நிக்கக் கூடாது. பின்னாடி போ, போ."

நான் பைகளைத் தூக்கினேன். நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார். வக்கீல் திரும்பவே இல்லை. முன்னால் பார்த்தபடியே, வழக்கைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அவங்க என் லைப்ரரியன்ங்க, யுவர் ஆனர். இங்கயே நிக்கட்டும்."

நீதிபதி சரி என்று தலையசைத்தார். பின் வரிசையில் அக்கா சத்தமாக மூக்கை உறிஞ்சினார், தலைவர் அவரை அதட்டினார். எனக்குக் கண் மங்கிவிட்டது, ஆனால் துடைத்துக்கொள்ள நேரமில்லை. வக்கீல் முதல் பாயிண்டைத் தொடங்கியிருந்தார். பேசிக்கொண்டே வலது கையைப் பின்னால் நீட்டினார். என்ன புத்தகம் என்று சொல்லவில்லை. நான் அதை அந்தக் கையில் வைத்தேன். அவர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே திறந்து, வாசிக்க ஆரம்பித்தார்.